வசனம் கேட்கவில்லையா? வீவக ஹாலுக்குச் சவுண்ட்பாரா, ஸ்பீக்கர் ஜோடியா, ரிசீவரா?

படம் ஓடும்போது ரிமோட் வைத்திருப்பவரின் கட்டைவிரலைக் கவனியுங்கள். வசனம் வந்தால் ஒலியைக் கூட்டும். சண்டையோ பாட்டோ தொடங்கினால் பதறிக் குறைக்கும். படம் முடியும்வரை அதற்கு இதே வேலை. "எனக்குத்தான் காது மந்தமாகிவிட்டது போல" என்று வீட்டுப் பெரியவர்கள் சொல்வார்கள். பாவம், பெரும்பாலும் பழி டிவியின் மேல்தான் போகவேண்டும்.

டிவி மெலிந்துபோனதில் முதலில் பலியானது ஸ்பீக்கர். இருக்கிற சின்ன ஸ்பீக்கர்களும் நம்மைப் பார்த்துப் பேசுவதில்லை. தரையைப் பார்த்தோ பின்சுவரைப் பார்த்தோ பேசுகின்றன. 'க' எது, 'ச' எது, 'ட' எது என்று காது பிரித்தறிவது பெரும்பாலும் 2,000 முதல் 4,000 ஹெர்ட்ஸ் வரையிலான ஒலியில். அது சுவரில் மோதிச் சுற்றி வருவதற்குள் மழுங்கிவிடுகிறது. மேலே மின்விசிறி, திறந்த ஜன்னல் வழியே சாலை இரைச்சல், இரண்டும் மிச்சத்தை விழுங்குகின்றன.

இன்னொரு காரணமும் உண்டு. படத்தின் ஒலி 5.1 தடங்களாக, அதாவது ஐந்து ஸ்பீக்கருக்கும் ஓர் அடிநாதப் பெட்டிக்கும் தனித்தனியாக, வரும்போது வசனத்துக்கென்று நடுத்தடம் தனியாக இருக்கும். டிவியில் இருப்பதோ இடம், வலம் இரண்டே. எனவே நடுத்தடத்தை 3 டெசிபெல் குறைத்து இருபுறமும் பகிர்ந்து, அங்கே ஏற்கெனவே முழங்கிக்கொண்டிருக்கும் பின்னணி இசையோடு கலந்துவிடுகிறது. குரல் அமுங்காமல் என்ன செய்யும்?

செலவு செய்யும் முன் ஒரு சின்னச் சோதனை. படம் பார்க்கும் செயலியின் ஒலிப் பட்டியலில் 'தமிழ் 5.1', 'தமிழ்' என்று இரண்டு இருந்தால், டிவி ஸ்பீக்கரில் கேட்பவர்கள் இரண்டாவதைத் தேர்ந்தெடுத்துப் பாருங்கள். எல்ஜியில் 'கிளியர் வாய்ஸ்', சோனியில் 'வாய்ஸ் ஜூம்' போன்ற அமைப்புகளையும் போட்டுப் பாருங்கள். வசந்தம் ஒளிவழியில் செய்தியும் நாடகமும் மட்டும் பார்க்கிற வீட்டுக்கு இதுவே போதுமானதாக இருக்கலாம். போதவில்லை என்றால் மேலே படியுங்கள்.

வழி மூன்று. டிவிக்கு அடியில் வைக்கும் நீளப் பலகையான சவுண்ட்பார் ஒன்று. தனக்குள்ளேயே ஆம்ப் (ஒலியைப் பெருக்கும் பகுதி) வைத்திருக்கும் ஸ்பீக்கர் ஜோடி இரண்டு. ஏவி ரிசீவர் (ஒலியைப் பெருக்கி ஸ்பீக்கர்களுக்குப் பிரித்து அனுப்பும் பெட்டி) வாங்கி, ஸ்பீக்கர்களைத் தனித்தனியாக இணைப்பது மூன்று. எதை எடுத்தாலும் ஒரு கணக்கு மாறாது: நடு ஸ்பீக்கருக்குக் கொடுக்கும் வெள்ளி வீண்போகாது, பின் ஸ்பீக்கருக்குக் கொடுப்பது வீணா இல்லையா என்பதை உங்கள் ஹால்தான் சொல்லும்.

முதலில் அளவு நாடா

சிங்கப்பூரில் புதிய நாலறை வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீடு மொத்தமே ஏறக்குறைய 90 சதுர மீட்டர். அதில் டிவி சுவருக்கும் சோபா சுவருக்கும் இடையே 3 முதல் 3.5 மீட்டர் கிடைத்தால் பெரிது. சோபா பின்சுவரோடு ஒட்டித்தான் நிற்கும். ஒரு பக்கம் ஜன்னல் அல்லது பால்கனி. மறுபக்கம் சுவரே இல்லாமல் சாப்பாட்டு மேசைப் பக்கம் திறந்திருக்கும். சவுண்ட்பார் பெட்டிகளில் அச்சிட்டிருக்கும் அழகான சதுர அறை இந்தத் தீவில் அரிது.

கடைக்குப் போகும் முன் நான்கு விஷயங்களைக் குறித்துக்கொள்ளுங்கள். சோபாவில் உட்கார்ந்தால் தலைக்கும் பின்சுவருக்கும் எத்தனை செமீ? இரண்டு பக்கமும் சுவர் இருக்கிறதா, ஒரு பக்கம்தானா? சோபாவுக்குப் பின்னால் மின்பிளக் இருக்கிறதா? டிவித் திரையின் அடி விளிம்புக்கும் மேசைக்கும் நடுவே இடைவெளி எவ்வளவு?

கடைசிக் கேள்வியைத்தான் எல்லாரும் மறப்பார்கள். சவுண்ட்பார் 6, 7 செமீ உயரம் இருக்கும். டிவியின் கால் 5 செமீதான் என்றால் படத்தின் அடியில் வரும் வசன எழுத்தை மறைக்கும். அதைவிட மோசம், டிவியின் ரிமோட் சென்சரை மறைத்துவிடும். புதிய பாரை வாங்கி வைத்த அன்று "ரிமோட் கெட்டுவிட்டது" என்று புலம்பும் வீடுகளில் பாதிச் சிக்கல் இதுதான். கால்கள் இரண்டும் விளிம்பில் இல்லாமல் நடுவில் இருக்கும் டிவி என்றால், கால்களின் இடைவெளிக்குள் பார் நுழையுமா என்பதையும் அளக்கவேண்டும். பெரிய பார் ஒரு மீட்டருக்கு மேல் நீளும்.

பின்சுவர் ஏன் முக்கியம்? அடிநாத ஒலி இரண்டு சுவர்களுக்கு இடையே நின்று அதிரும். அதன் முதல் அதிர்வெண், ஒலியின் வேகமான நொடிக்கு 343 மீட்டரை, அந்தச் சுவர்களுக்கு இடையிலான தூரத்தின் இருமடங்கால் வகுத்தால் வரும். 3.4 மீட்டர் ஹாலுக்கு அது 50 ஹெர்ட்ஸ். அந்த 50 ஹெர்ட்ஸ் மிக அதிகமாகக் குவியும் இடம் சுவரோரம், அதாவது உங்கள் தலை இருக்கும் இடம். சோபாவில் உட்கார்ந்தவருக்குக் காது அடைக்கும். நடு ஹாலில் நிற்பவர் "பேஸே இல்லையே" என்பார். இரண்டு பேர் சொல்வதும் உண்மை. சோபாவை ஒரு சாண் முன்னால் இழுத்தாலே வித்தியாசம் தெரியும். 30 செமீ இழுக்க முடிந்தால் அது சில நூறு வெள்ளிக்குச் சமம்.

சவுண்ட்பார்: எண்களை நம்பலாமா?

பெட்டியில் 3.1.2 என்று போட்டிருந்தால், முதல் எண் காதுமட்டத்தில் உள்ள தடங்கள், இரண்டாவது சப்வூஃபர் (அடிநாத ஒலிக்கான தனிப்பெட்டி, சுருக்கமாகச் சப்), மூன்றாவது கூரையை நோக்கிப் பாயும் ஸ்பீக்கர். வசனத்துக்காக வாங்குகிறவர்கள் பார்க்கவேண்டியது முதல் எண் 2ஆ, 3ஆ என்பதை. 2.1 பாரில் நடு ஸ்பீக்கர் கிடையாது. டிவியைவிட முழக்கமாக இருக்கும், ஆனால் அமுங்கிய வசனம் சத்தமாக அமுங்கியிருக்கும், அவ்வளவுதான். 3.1இல் தொடங்குங்கள். நடுத்தடத்தின் ஒலியை மட்டும் தனியாக ஏற்றும் வசதி ரிமோட்டிலோ கைத்தொலைபேசிச் செயலியிலோ இருக்கிறதா என்று கேளுங்கள். அந்த ஒரு பட்டனுக்காகவே ஒரு மாடலை விட்டு இன்னொன்றுக்குப் போகலாம்.

'7.1', '9.1' எல்லாம் ஒரே பலகையிலிருந்து எப்படி வருகின்றன? பக்கவாட்டு ஸ்பீக்கர்கள் ஒலியைப் பக்கச் சுவரில் எறிந்து திருப்புகின்றன. உங்கள் ஹாலில் ஒரு பக்கம்தான் சுவர் என்றால் இடப்பக்கம் மழை பெய்யும், வலப்பக்கம் சமையலறைக்குள் போய்ச் சேரும். மறுபக்கம் பால்கனிக் கதவில் கனமான திரைச்சீலை தொங்கினால் அதுவும் உறிஞ்சிக்கொள்ளும். இப்படிப்பட்ட ஹாலில் 3.1க்கும் விலை கூடிய '7.1'க்கும் வேறுபாடு விளம்பரத்தில்தான்.

கூரையை நோக்கிப் பாயும் வகையில் வீவக வீட்டுக்கு ஓர் ஆதாயம் உண்டு. ஒலித் தொழில்நுட்ப நிறுவனமான டால்பி பரிந்துரைப்பது ஏறக்குறைய 2.3 முதல் 4.3 மீட்டர் உயரத்தில் சமதளமான, கடினமான கூரை. நம் காங்கிரீட் கூரை 2.6 மீட்டர், கச்சிதம். சீர்வேலையின்போது விளக்குக்காகக் கூரையோரம் எல்-பாக்ஸ் என்ற பலகைப் பெட்டி போட்டவர்கள்தான் யோசிக்கவேண்டும். டிவிக்கும் சோபாவுக்கும் நடுவே கூரையில் அந்தப் படிக்கட்டு வந்தால் ஒலி வேறு எங்கோ தெறிக்கும். மின்விசிறி இறக்கை குறுக்கே வருவதால் பெரிய பாதகம் இல்லை; ஆனால் விசிறி வேகமாக ஓடும்போது மேலிருந்து வரும் மெல்லிய ஒலிகள் அதன் காற்றிலேயே கரைந்துவிடும். எதிர்பார்ப்பைக் கொஞ்சம் குறைத்துக்கொண்டால் மனநிறைவாக இருக்கும்.

சப்வூஃபரை எங்கே வைப்பது? "பேஸுக்குத் திசை கிடையாது, எங்கே வேண்டுமானாலும் வைக்கலாம்" என்று கடையில் சொல்வார்கள். ரிசீவர் செட்டுக்கு அது ஓரளவு சரி; பாருக்குச் சரியல்ல. பாரில் இருப்பது விரல் நீள ஸ்பீக்கர்கள். அவற்றால் 150 ஹெர்ட்ஸுக்குக் கீழே சரியாகப் பேச முடியாது, எனவே அந்த வேலையெல்லாம் சப்புக்குத் தள்ளப்படுகிறது. ஆண்குரலின் அடிநாதம் 85 முதல் 180 ஹெர்ட்ஸ். சப்பை சோபாவுக்குப் பின்னால் மூலையில் ஒளித்து வைத்தால், கதாநாயகனின் வாய் திரையில் அசையும், நெஞ்சுக்குரல் முதுகுக்குப் பின்னாலிருந்து வரும். பாரிலிருந்து ஒரு மீட்டருக்குள், டிவி சுவரோரமாக வையுங்கள். சாமி அலமாரியும் அதே சுவரில் இருந்தால் இரண்டுக்கும் இடைவெளி விடுங்கள். மணியும் குத்துவிளக்குத் தட்டும் சண்டைக் காட்சிக்குத் தாளம் போடும்.

கம்பியில்லாப் பின் ஸ்பீக்கர் என்றால் ஒலிக்குத்தான் கம்பி இல்லை; மின்சாரத்துக்கு வேண்டும். சாம்சங்கின் கியூ990 வரிசை பாருடன் வரும் பின் ஸ்பீக்கர் இரண்டுக்கும் தனித்தனிப் பிளக் தேவை. சோபாவின் இரு முனையிலும் பிளக் உள்ள ஹால் எத்தனை? நீட்டிப்புக் கம்பியைக் கால்தடுக்கும் இடத்தில் இழுப்பதைவிட, ஜேபிஎல் பார் 1000 போன்ற வகையைப் பார்க்கலாம். அதில் பாரின் இரு முனைகளும் கழன்று பின் ஸ்பீக்கராகும், பேட்டரியில் ஓடும், படம் முடிந்ததும் பாரிலேயே பொருத்தினால் சார்ஜ் ஏறும். வாடகை வீட்டில் இருப்பவர்களுக்கு இதைவிட வசதியான ஏற்பாடு கிடைப்பது கடினம். ஒன்று: சோபா சுவரோடு ஒட்டியிருந்தால் பின் ஸ்பீக்கர்களைக் காதுக்கு நேர் பக்கவாட்டில், ஒரு மீட்டராவது தள்ளி வையுங்கள். காதோரம் வைத்தால் அந்தப் பக்கம் உட்கார்ந்தவருக்கு மழைச்சத்தம் மட்டும்தான் படம்.

பாரின் பெரிய குறை அதன் ஆயுளில் இருக்கிறது. பாரின் மின்பலகை போனால் நன்றாக இருக்கும் சப்பும் பின் ஸ்பீக்கரும் சேர்ந்து குப்பை. வேறு மாடலோடு அவை பெரும்பாலும் பேசாது.

ஸ்பீக்கர் ஜோடி: பாட்டுக் கேட்கும் வீட்டுக்கு

கேஇஎஃப் எல்எஸ்எக்ஸ் 2, கிளிப்ஷ் தி ஃபைவ்ஸ் போன்றவற்றில் ஆம்ப் உள்ளேயே இருக்கும், டிவியின் ஒலியை வாங்கும் எச்டிஎம்ஐ ஏஆர்சி துளையும் இருக்கும். டிவியிலிருந்து ஒரு கம்பி, மின்சாரக் கம்பி, முடிந்தது வேலை.

கச்சேரி கேட்கிறவர்கள் ஒரு நிமிடத்தில் வித்தியாசத்தைப் பிடிப்பார்கள். பாரில் மிருதங்கம் ஒரே இடத்திலிருந்து 'டக் டக்' என்று வரும். நல்ல ஜோடியில் வலந்தலையின் நாதம் கணீரென்று நிற்க, இடப்பக்கத் தொப்பியின் கும்கி வழுக்கிக்கொண்டு இறங்குவது தனியாகக் கேட்கும். தம்புரா பின்னால் ஒரு திரைபோல் விரியும். அதே பணத்துக்குப் பார் இதைத் தராது.

ஆனால் நடு ஸ்பீக்கர் இல்லை. இடமும் வலமும் சமமாகக் காதுக்கு வந்தால் நடுவில் குரல் இருப்பதுபோல் மூளை கற்பனை செய்துகொள்ளும். அது சோபாவின் நடுவில் உட்கார்ந்தவருக்கு மட்டும். ஓரத்தில் இருப்பவருக்கு எல்லா நடிகரும் ஒரே பக்கம் நின்று பேசுவார்கள். ஒருவர், இருவர் பார்க்கும் வீட்டுக்குப் பொருந்தும். ஐந்து பேர் வரிசையாக உட்காரும் வீட்டுக்குப் பொருந்தாது.

இரண்டுக்கும் இடையே 1.8 முதல் 2 மீட்டர், சோபா 2.2 முதல் 2.5 மீட்டரில், உச்ச ஒலிக்கான சிறிய ட்வீட்டர் காதுமட்டத்தில். பின்னால் துளையுள்ள பெட்டி என்றால் சுவரிலிருந்து 15, 20 செமீ தள்ளி. "வாங்கி மாட்டினேன், சத்தமே இல்லை" என்ற புகாரில் பெரும்பகுதிக்கு ஒரே மருந்து: டிவியின் ஒலி அமைப்பில் டிஜிட்டல் வெளியீட்டைப் பிசிஎம் (சுருக்கப்படாத சாதாரண ஒலி) என்று மாற்றுங்கள். இவ்வகை ஸ்பீக்கர்கள் பலவற்றுக்கு டால்பி வடிவில் சுருக்கிய ஒலி புரியாது. டிவி டால்பியில் பேசிக்கொண்டே இருக்கும், இவை வாய்மூடி நிற்கும்.

ரிசீவர்: பொறுமை உள்ளவர்களுக்கு

மூன்றில் வசனம் தெளிவாகக் கேட்பது இதில்தான். நடு ஸ்பீக்கர் என்பது இங்கே உண்மையிலேயே ஒரு ஸ்பீக்கர். 10, 13 செமீ கூம்புகள் இரண்டும் நடுவில் ஒரு ட்வீட்டரும். ஆண்குரல் முழுவதையும் தானே தாங்கும், சப்புக்குத் தள்ளாது. ஒரு பகுதி கெட்டால் அதை மட்டும் மாற்றலாம். விலை என்று பார்த்தால், புதிய ரிசீவர், மூன்று ஸ்பீக்கர், சப் எல்லாம் சேர்ந்து ஆயிரம் வெள்ளியைத் தாண்டிவிடும். ஒரே நாளில் 5.1 வாங்காதீர்கள். 3.1 வாங்கி மூன்று மாதம் கேளுங்கள். பின் ஸ்பீக்கருக்கு ஏங்கினால் அப்போது சேர்க்கலாம், பலர் ஏங்குவதில்லை.

பெரிய தடை ஒலியில் இல்லை, தச்சு வேலையில் இருக்கிறது. சாதாரண ரிசீவர் 15 முதல் 17 செமீ உயரம், பின்கம்பிகளோடு சேர்த்து 40 செமீக்கு மேல் ஆழம். சுவரில் தொங்கும் நம் டிவி கேபினட்டின் உட்புறம் பெரும்பாலும் அதற்கு இடம் தராது; தந்தாலும் மேலே 10 செமீ காற்றோட்டம் மிஞ்சாது. கதவை மூடி வைத்தால் இந்த ஊர் வெப்பத்தில் ரிசீவர் சூடேறித் தானே அணைந்துவிடலாம். 11 செமீ உயரமுள்ள மராண்ட்ஸ் சினிமா 70எஸ் போன்ற மெலிந்த வகை இந்தச் சிக்கலுக்காகவே இருக்கிறது. சீர்வேலை இன்னும் தொடங்காதவர்கள் கேபினட்டின் பின்பலகையில் துளையும், கதவுக்குக் கம்பிவலையும் கேட்டுக்கொள்ளுங்கள். டிவிக்குச் சுவருக்குள் குழாய் விடுவதானால் உள்விட்டம் 40 மில்லிமீட்டருக்குக் குறைய வேண்டாம். கம்பி மெல்லியதுதான், எச்டிஎம்ஐ தலை மெல்லியதல்ல. வளைவில் சிக்கினால் சுவரை உடைக்கவேண்டிவரும்.

டிவி சுவர் வீட்டுப் புகலிடத்தின் (வீட்டுக்குள் உள்ள பாதுகாப்பறையின்) சுவராக இருந்தால், துளையிடும் முன் குடிமைத் தற்காப்புப் படையின் விதிகளைப் பார்த்துவிடுங்கள். அது சாதாரணச் சுவர் அல்ல. அந்தத் தடித்த காங்கிரீட்டுக்கு இன்னொரு குணமும் உண்டு: வைஃபையை விழுங்கும். ரூட்டரைப் புகலிடத்துக்குள் ஒளித்து வைத்துவிட்டு, டிவியில் படம் சுழன்றுகொண்டே நிற்கிறது என்று டிவியைத் திட்டுவதில் பயனில்லை.

ஸ்பீக்கர் கம்பி 16 கேஜ் போதும். பத்து மீட்டருக்கு மேல் போனால் 14. செம்பா என்று பார்த்து வாங்குங்கள். மலிவுக் கம்பியில் அலுமினியத்தின் மேல் செம்புப் பூச்சு மட்டும் இருக்கும். ஓர் இழையைப் பிளேடால் சுரண்டினால் உள்ளே வெள்ளையாகத் தெரியும். அதைக் கடையிலேயே விட்டுவிடுங்கள். முனையில் ஒரு செமீ மட்டும் உறையை உரித்து, இழைகளை இறுக்கமாக முறுக்குங்கள். பிசிறிய ஒரே ஓர் இழை பக்கத்து முனையையோ ரிசீவரின் உடலையோ தொட்டால் போதும், ஆன் செய்தவுடன் 'புரொடெக்ட்' என்று காட்டி அணைந்துவிடும். சிவப்புக்குச் சிவப்பு, கறுப்புக்குக் கறுப்பு. இடது ஸ்பீக்கரில் மட்டும் மாறிப்போனால் எதுவும் வெடிக்காது. ஆனால் பேஸ் மெலிந்து, பாடகரின் குரல் எங்கிருந்து வருகிறது என்றே தெரியாமல் மிதக்கும்.

கூடவரும் மைக்கை வைத்துத் தானியங்கி அளவீடு செய்யும்போது விசிறியை நிறுத்தி, ஜன்னலை மூடுங்கள். மைக்கை சோபாவின் சாய்வு மேல் வைக்காமல் காது இருக்கும் உயரத்தில், கேமரா முக்காலியில் வையுங்கள். முடிந்தபின் இரண்டு திருத்தம்: எல்லா ஸ்பீக்கரையும் 'ஸ்மால்' என்று மாற்றி, கிராஸ்ஓவர் (ஒலி சப்புக்குக் கைமாறும் எல்லை) 80 ஹெர்ட்ஸ், நடு ஸ்பீக்கரை 2 டெசிபெல் ஏற்றுங்கள். இந்த இரண்டு டெசிபெல்லுக்காகத்தான் இத்தனை பாடும்.

மின்கட்டணத்துக்குப் பயப்படவேண்டாம். ரிசீவர் மிதமான ஒலியில் 50 வாட் எடுத்து, நாளுக்கு நான்கு மணி நேரம் ஓடினால் மாதம் 6 யூனிட். யூனிட் 30 காசு என்று வைத்தாலும் இரண்டு வெள்ளிக்கும் குறைவு.

எது வாங்கினாலும் ஒரே தலைவலி

டிவியில் எச்டிஎம்ஐ துளை மூன்று, நான்கு இருக்கும். ஏஆர்சி அல்லது இ-ஏஆர்சி என்று எழுதியிருப்பது ஒன்றுதான். அதில்தான் மாட்டவேண்டும். பிறகு டிவியில் சிஇசியை (ஒரே ரிமோட்டில் எல்லாம் இயங்கவைக்கும் அமைப்பை) இயக்குங்கள். அதைச் சாம்சங் 'எனிநெட்+' என்கிறது, எல்ஜி 'சிம்பிலிங்க்' என்கிறது. ஒலி வெளியீட்டை எச்டிஎம்ஐக்கு மாற்றி, டிஜிட்டல் வெளியீட்டைப் 'பாஸ்த்ரூ' (ஒலியை மாற்றாமல் அப்படியே அனுப்புவது) ஆக்குங்கள்; டால்பி புரியாத ஸ்பீக்கர் ஜோடிக்கு மட்டும் பிசிஎம். அப்படியும் சத்தம் வரவில்லையா? டிவி, பார் இரண்டின் பிளக்கையும் சுவரிலிருந்து பிடுங்கி, இரண்டு நிமிடம் கழித்து டிவியை முதலில் போடுங்கள். கேலியாகத் தோன்றும், ஆனால் பலிக்கும்.

ஏஆர்சி போதுமா, இ-ஏஆர்சி வேண்டுமா? டிவியிலுள்ள செயலிகளில் மட்டும் படம் பார்க்கிறவர்களுக்கு ஏஆர்சியே போதும்; அங்கே அட்மோஸ் (மேலிருந்தும் ஒலி வரும் டால்பி வகை) வருவது டால்பி டிஜிட்டல் பிளஸ் என்ற சுருக்கப்பட்ட வடிவத்தில், அது பழைய துளையிலும் போகும். புளூரே, பிஎஸ்5, ஆப்பிள் டிவி 4கே பெட்டி ஆகியவற்றை டிவியில் மாட்டி முழு ஒலியும் பாருக்கு வரவேண்டும் என்றால் இ-ஏஆர்சி தேவை. ஆப்டிகல் கம்பியில் அட்மோஸ் வராது, அது 5.1 டால்பி டிஜிட்டலோடு நின்றுவிடும். டால்பிக்குப் போட்டியான டிடிஎஸ் ஒலியுள்ள வட்டு வைத்திருப்பவர்கள் கவனிக்க: சாம்சங் டிவிகள் 2018 முதல் டிடிஎஸ்ஸை ஏற்பதில்லை. பிளேயரை டிவியில் மாட்டாமல் ரிசீவரிலோ பாரிலோ நேராக மாட்டவேண்டும். சோனோஸ் பீம், ஆர்க் போன்றவற்றில் துளை ஒன்றே ஒன்று என்பதால் அந்த வழியும் இல்லை.

விளையாட்டுப் பெட்டி உள்ள வீட்டில் இன்னொரு கணக்கு. பல டிவிகளில் நொடிக்கு 120 படம் தாங்கும் துளை இரண்டே. அவற்றில் ஒன்றுதான் இ-ஏஆர்சி. பார் அதைப் பிடித்துக்கொண்டால் மிச்சம் ஒன்று. பிள்ளைகளிடம் இரண்டு கன்சோல் இருந்தால் சண்டை நிச்சயம். எல்ஜியின் சி வரிசை ஓலெட்டில் நான்கு துளையும் ஒரே தரம் என்பதால் அங்கே இந்தப் பிரச்சினை எழாது.

உதடும் சொல்லும் ஒத்துப்போகவில்லை என்றால் பாரின் ரிமோட்டில் 'சிங்க்' அமைப்பைத் தேடுங்கள். அது ஒலியைத் தாமதிக்கத்தான் செய்யும், முன்னால் இழுக்காது. ஒலி ஏற்கெனவே பிந்துகிறது என்றால் அதைச் சுழியத்துக்குக் குறையுங்கள். அப்படியும் பிந்தினால் டிவியில் வெளியீட்டைப் பிசிஎம் ஆக்கிப் பாருங்கள்.

கீழ்வீட்டுக்காரரும் சப்பும்

அண்டைவீட்டுச் சத்தம் பற்றி ஆராய்ந்த சமூக ஆலோசனைக் குழு 2022இல், அமைதி நேரத்தை இரவு 10 முதல் காலை 8 வரை நீட்டலாம் என்று பரிந்துரைத்தது. வசனம் கீழ்வீட்டுக்குக் கேட்காது. 40, 50 ஹெர்ட்ஸ் கேட்கும். அவர்களுக்கு அது ஒலியாகவே தெரியாது, கூரை முனகுவதுபோல் இருக்கும். சப்புக்கு அடியில் அடர்த்தியான நுரைமெத்தை போட்டால் கால்கள் வழியே தரைக்குள் இறங்கும் அதிர்வு குறையும். ஆனால் காற்றின் வழியே தரையைத் தள்ளுவதை எந்த மெத்தையும் நிறுத்தாது. அதற்குச் சப்பின் ஒலியைக் குறைப்பது ஒன்றே வழி. மூலையை விட்டு அரை மீட்டர் நகர்த்தினாலும் முழக்கம் தணியும். இரவுக்கு 'நைட் மோட்' போடுங்கள். வெடியை அமுக்கி, வசனத்தை ஏற்றும். கட்டைவிரலுக்கும் ஓய்வு. சுவர்களெல்லாம் மெலிந்த வாடகை அறையில் இருப்பவர் சப் இல்லாத பாராகவே வாங்கிவிடலாம்.

வாங்கும் இடம்

கடையில் ஓடும் டெமோவில் ஹெலிகாப்டர் பறக்கும், கண்ணாடி உடையும். அதை வைத்து முடிவெடுக்காதீர்கள். செய்தி வாசிப்பையோ தமிழ் நாடகத்தையோ போடச் சொல்லி, ஒலியைக் குறைத்துக்கொண்டே வாருங்கள். எந்தக் கட்டத்தில் சொற்கள் கரைகின்றன என்பதுதான் தேர்வு. ரிசீவர், ஸ்பீக்கர்களை உட்கார்ந்து கேட்கவேண்டும் என்றால் கோல்மன் தெருவில் அடெல்ஃபி கட்டடத்துக்குப் போங்கள். கம்பி, பிளக், சுவர்ப்பிடி போன்றவற்றுக்குச் சிம் லிம் சதுக்கம்.

உள்ளூர் விற்பனைக்கான லோக்கல் செட்டா, வெளிநாட்டுச் சந்தைக்கான எக்ஸ்போர்ட் செட்டா என்று கேளுங்கள். விலை குறைந்த எக்ஸ்போர்ட் செட்டுக்கு உற்பத்தியாளரின் உள்ளூர் உத்தரவாதம் இல்லாமல் இருக்கலாம். அமெரிக்கா, ஜப்பானிலிருந்து வரவழைப்பவர்கள் பின்பக்க முத்திரையில் 230 வோல்ட் இருக்கிறதா என்று பார்க்கவேண்டும்; 100, 120 வோல்ட் மட்டும் என்றால் நம் பிளக்கில் போட்ட நொடியில் கதை முடிந்தது. அடாப்டரிலும் மூன்றுமுள் பிளக்கிலும் பாதுகாப்புக் குறி இருக்கவேண்டும். இணையத்தில் வெளிநாட்டுக் கடையின் விலையை ஒப்பிடும்போது 9 விழுக்காடு பொருள், சேவை வரியையும் சேர்த்துக்கொள்ளுங்கள். 2023 முதல் 400 வெள்ளிக்கு உட்பட்ட பொருளுக்கும் அது உண்டு.

உள்ளூர்க் கடையில் வாங்கிய பொருள் ஆறு மாதத்துக்குள் கெட்டால், குறை வாங்கும்போதே இருந்தது என்றுதான் 2012இல் வந்த லெமன் சட்டம் எடுத்துக்கொள்ளும். இல்லை என்று காட்டவேண்டியது கடைக்காரரின் பொறுப்பு. ரசீதைப் படம்பிடித்து வைத்துக்கொண்டால் பயனீட்டாளர் சங்கத்தை நாடும்போது உதவும்.

கேரோசெல் இணையச் சந்தையில் பழையது பார்க்கிறவர்களுக்கு: பழைய ஸ்பீக்கரைத் தைரியமாக வாங்கலாம், பழைய ரிசீவரில்தான் நிதானம் வேண்டும். ரிசீவரில் முதலில் சாவது எச்டிஎம்ஐ பலகை. ஒவ்வொரு துளையிலும் கம்பியை மாட்டிப் படம் வருகிறதா என்று பார்த்த பிறகே பணம். ஸ்பீக்கருக்குக் கைவிளக்கு எடுத்துக்கொண்டு போங்கள். கூம்பைச் சுற்றியுள்ள வளையம் ரப்பர் என்றால் நல்லது. நுரை என்றால் விரலால் மெதுவாகத் தொடுங்கள். இந்த ஈரக்காற்றில் பல ஆண்டு இருந்த நுரை, ஊறிய பிஸ்கட் மாதிரி கையோடு வந்துவிடும். கூம்பின் இரு பக்கமும் விரல் வைத்து நேராக அமுக்கி விடுங்கள். சுரண்டும் சத்தம் வந்தால் உள்ளே சுருள் உரசுகிறது. எவ்வளவு விலை குறைத்தாலும் திரும்பிவிடலாம்.